வட்டிக் கணக்கா, பட்டறையா?

செட்டிநாட்டுப் பள்ளத்தூர்ப் பெரியவர்களிடம் தொழில் தொடங்குவது பற்றிக் கேட்டால், "முதல் எங்கேயிருந்து வருது?" என்றுதான் பேச்சை ஆரம்பிப்பார்கள். அந்த ஊர் முருகப்பா குடும்பத்தின் கதையும் அப்படித்தான். 1900இல் பர்மாவில் கொடுக்கல் வாங்கல், 1949இல் சென்னையில் சைக்கிள் கம்பெனி. பணம் முன்னே, இரும்பு பின்னே.

கோவை சாந்தி கியர்ஸ் நேர் எதிர். பி. சுப்பிரமணியம் 1969இல் மில் இயந்திரங்களுக்குப் பற்சக்கரம் வெட்டித்தான் தொடங்கினார். எனக்கு இந்த வழிதான் பிடிக்கும். ஹாபிங் மெஷினில் பல் வெட்டி, உலையில் சூடாக்கிக் கடினமாக்கி, கிரைண்டிங்கில் தேய்த்து எடுக்கணும். உலைச் சூட்டில் பல் லேசாகக் கோணிக்கொள்ளும். அதைத் தேய்த்துச் சரிசெய்யாவிட்டால் ஓடும்போது கியர்பாக்ஸ் உறுமியே காட்டிக்கொடுத்துவிடும். பேரேட்டுத் தப்பை அடுத்த பக்கத்தில் திருத்தலாம், இதில் முடியாது.

ஆனால் கை வேலை மட்டும் தலைமுறை தாண்டுமா? செட்டிநாட்டு வழக்கில் பிள்ளைகள் சின்ன வயதிலேயே கணக்குப் பழகுவார்கள்; அந்த விஷயத்தில் பள்ளத்தூர்தான் கெட்டி. 2012இல் முருகப்பா குழுமத்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸே சாந்தி கியர்ஸை வாங்கியது. பெயரை மாற்றவில்லை. சுப்பிரமணியம் தொடங்கிய சிங்காநல்லூர் சாந்தி கேன்டீனில் இன்றும் கூட்டம் குறையவில்லை.