பூனை மூத்திர வாடையை எடுக்கிறேன்னு வந்து தரையையே எடுத்துட்டாங்க

மூணு மாச வாடகை. அவ்வளவு பணம் எட்டே நாள்ல காலி. கோபம் ஆறுறதுக்குள்ள எழுதிடறேன், ஆறிட்டா "போனது போகட்டும்"னு நானே விட்டுடுவேன்.

வாடகை வீடு, கூட ஒரு பூனை. காலி பண்ண இன்னும் ரெண்டு வாரம். கட்டிலை நகர்த்தினப்பதான் தெரிஞ்சுது, அந்த மூலையில லேமினேட் தரை மேல எவ்வளவு நாளாவோ ஒண்ணுக்குப் போயிட்டு இருந்திருக்கு. கதவு அடியில நகக்கீறல் வேற. கீறலை நானே சரி பண்ணிட்டேன்: வுட் புட்டி வச்சு, காஞ்சதும் உப்புத்தாள் போட்டுத் தேச்சு, மேல பெயின்ட். அரை நாள் வேலை. வாடைதான் எத்தனை தடவை துடைச்சும் போகலை.

ஓனர்கிட்ட சொல்லியிருக்கணும். சொல்லலை. பூனைக்குச் சம்மதிச்சதே பெரிய மனசு, அவர் முகத்துல எப்படி முழிக்கிறதுன்னு பயம். வீட்டு வேலைக்கு ஆள் அனுப்புற ஒரு ஆப்ல தேடினேன். "செல்லப்பிராணி வாடை நிபுணர், மறுபடி வராது, உத்தரவாதம்"னு போட்டிருந்துது. கட்டணம் ஒரு மாச வாடகை அளவு, அதுவும் முழுசா முன்கூட்டியே. கட்டிட்டேன்.

வந்த பையன் உள்ள நுழைஞ்சதும் பையைக் கூட இறக்கலை, குனிஞ்சு பூனையோட தாடையைச் சொறிஞ்சு விட்டான். "எங்க வீட்லயும் ரெண்டு இருக்கு அக்கா. இது என்ன வாடை, இதைவிட மோசமெல்லாம் பார்த்தாச்சு"ன்னான். யாரையும் அண்ட விடாத பூனை அவன் காலைச் சுத்துது. அங்கேயே நான் விழுந்துட்டேன். என்ன மருந்து போடுறீங்கன்னு கேட்கணும்னு கூடத் தோணலை.

முதல்ல பிளீச்சை ஊத்தினான். கண்ணு எரிஞ்சுது, தொண்டை கமறுச்சு. "கொஞ்ச நேரம் அப்படித்தான் இருக்கும் அக்கா." அப்படித்தான் இருக்குமாம்! மூத்திரத்துல இருக்குற அமோனியாவும் பிளீச்சும் சேர்ந்தா குளோரமைன்னு ஒரு நச்சு வாயு கிளம்பும்னு அப்புறம்தான் படிச்சேன். பூனையும் நாங்களும் மூடின அறைக்குள்ள அதைத்தான் சுவாசிச்சிருக்கோம். அடுத்து ஆவி அடிக்கிற மெஷின், தரை பூரா. கடைசியா எலுமிச்சை வாசனை ஸ்பிரே. அறை கமகமன்னு இருந்துது. "ஓடிபி சொல்லுங்க அக்கா, வேலையை முடிச்சிடலாம்." மூக்கு நிறைய எலுமிச்சையோட நானும் சந்தோஷமா சொன்னேன்.

மூணாம் நாள் மழை. காத்துல ஈரம் ஏறினதும் பழைய வாடை அப்படியே திரும்பி வந்துது. பூனை மூத்திரத்துல யூரிக் அமிலம் படிகமா ஒட்டிக்கும், தண்ணியில லேசுல கரையாது, ஈரம் பட்டா மறுபடி நாறும். நிபுணருக்கு இது தெரியாதா? வாடை போகட்டும், தரையைப் பார்த்தா பலகைங்களோட இணைப்பெல்லாம் உதடு மாதிரி வீங்கி நிக்குது. லேமினேட்டுக்கு உள்ள இருக்குறது மரநார் அழுத்தின அட்டை. ஆவியை மடக்மடக்குனு குடிச்சிருக்கு. பூனை கெடுத்தது ஒரு மூலை, இவங்க கெடுத்தது அறை முழுக்க.

புகார் பண்ணேன். "உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்", நாலு தடவை, எழுத்து மாறாம. படம் கேட்டாங்க, பதினொண்ணு அனுப்பினேன். "படங்களை வைத்து வாடையை உறுதி செய்ய இயலவில்லை"ன்னு பதில். விளையாட்டுக்குச் சொல்லலை, அப்படியேதான் வந்துது. அப்புறம் "பூனை மறுபடியும் போயிருக்கலாம்"னாங்க. பூனை அன்னைக்கு ராத்திரியில இருந்தே தங்கச்சி வீட்ல இருக்கு. தரை வீக்கத்தைக் கேட்டா, "ஓடிபி கொடுத்து வேலை திருப்தி என்று நீங்களே உறுதி செய்துள்ளீர்கள்". கடைசியில அடுத்த புக்கிங்குக்குப் பத்து சதவீதத் தள்ளுபடி. அடுத்த புக்கிங்!

ஓனர் வந்து பார்த்தார். "ஏம்மா, இதைப் பூனையா பண்ணுச்சு?"ன்னு கேட்டார். எல்லாத்தையும் சொன்னேன். "மூலையில வாடைன்னு முன்னாடியே சொல்லியிருந்தா மூணு பலகையைக் கழட்டி மாத்தியிருப்போமே"ன்னார். நியாயமாப் பேசுறாரேன்னுதான் இன்னும் எரியுது. அட்வான்ஸ்ல ரெண்டு மாச வாடகையைப் பிடிச்சுக்கிட்டார். ஆப்புக்குக் கட்டினது ஒரு மாசம். மொத்தம் மூணு மாச வாடகை, ஒரு மூலை வாடைக்கு.

செய்ய வேண்டியதை வரிசையா எழுதணும்னுதான் உட்கார்ந்தேன். இப்ப இருக்குற மண்டைச் சூட்டுல இவ்வளவுதான் வருது: பிளீச் பாட்டிலை எடுத்தா ஆளை வெளிய அனுப்புங்க. லேமினேட்ல ஆவி மெஷின் படவே கூடாது. இந்த வாடைக்கு என்சைம் கிளீனர்தான் (மூத்திரக் கறையைச் சிதைக்கிற நொதி கலந்த திரவம்), பாட்டில்ல போட்டிருக்குற நேரம் வரைக்கும் ஊற விடணும், உடனே துடைச்சா பிரயோஜனம் இல்லை. லேமினேட்னா அதையும் கொஞ்சமா, இணைப்புக்குள்ள இறங்காம. லைட்டை அணைச்சுட்டு புறஊதா டார்ச் அடிச்சா எங்கெங்க போயிருக்குன்னு தெரியும், சின்ன டார்ச்தான், நான் அதைக்கூட வாங்கலை. வாசனை அடங்கி ரெண்டு நாள் ஆகாம ஓடிபி கொடுக்காதீங்க. ஆள் வர்றதுக்கு முன்னாடி தரையைத் தேதியோட படம் எடுங்க, என்கிட்ட அது இல்லாமப் போனதாலதான் ஆப்காரங்க "முன்பே வீங்கியிருந்ததா"ன்னு கேட்டாங்க. அப்புறம் ஓனர்கிட்ட...

காலிங் பெல் அடிக்குது. பலகை மாத்துறவர் அளவெடுக்க வந்துட்டார்.