எஃகுக் கவசமா, பஞ்சுக் கவசமா?

1519இல் மெக்சிகோவில் இறங்கிய ஸ்பானியத் தளபதி கோர்த்தேசின் ஆட்களில் பலர் மாட்டியிருந்தது பஞ்சுக் கவசம். கியூபாவில் பருத்திக்குக் குறைவில்லை. புறப்படும் முன்பே தைத்துக்கொண்டார்கள்.

எடை: எஃகு தோளை அழுத்தும். பஞ்சு இலேசு, நனைந்தால் மட்டும் கனக்கும்.

அம்பு: எஃகில் வழுக்கிப் போகும். அங்கே எதிர்த்து நின்ற அஸ்டெக் வீரர்களின் பஞ்சுக் கவசமான ‘இச்காவிபில்லி’யோ ஓரிரு விரல் தடிமனுக்குப் பஞ்சு திணித்து நெருக்கமாகத் தைத்தது, அம்பின் வேகத்தையே வாங்கிக்கொள்ளும்.

வெட்டு: அஸ்டெக்குகளின் மரவாளான மக்குவாவிட்லின் எரிமலைக்கண்ணாடி விளிம்பு எஃகில் பட்டால் சில்லுச் சில்லாகத் தெறிக்கும். பஞ்சு உறை கிழியும். இதில் எஃகுதான், சந்தேகமே இல்லை.

பராமரிப்பு: கடற்கரைப் புழுக்கத்தில் எஃகு துருவேறும்; தேய்த்து எண்ணெய் பூச வேண்டும். பஞ்சுக்கு ஊசி நூல் போதும்.

குதிரைவீரனுக்கு எஃகு. நாள் முழுக்க நடக்கும் காலாளுக்குப் பஞ்சு. தலைக்கு மட்டும் இருவருக்கும் இரும்புத் தொப்பிதான்; கவண்கல் சும்மா விடாது.