பிரிட்டிஷ் ஷார்ட்ஹேரும் அமெரிக்கன் ஷார்ட்ஹேரும்

பெயரால் அடிக்கடி குழப்பிக்கொள்ளப்படும் இவ்விரு குட்டை ரோமப் பூனைகளும் எலி பிடித்துப் பிழைத்த பூனைகளின் வழிவந்தவையே. பிரிட்டிஷ் ஷார்ட்ஹேர், 1871இல் லண்டன் கிரிஸ்டல் பேலஸில் ஓவியர் ஹாரிசன் வெயர் நடத்திய பூனைக் கண்காட்சியால் கவனம் பெற்றது. இரண்டாம் உலகப் போரின்போது அருகிப்போன அவ்வினம் பாரசீகப் பூனைகளின் கலப்பால் மீட்கப்பட்டதன் தடயத்தை, அதன் உருண்ட முகத்திலும் விரல் புதையும் அடர்ந்த ரோமத்திலும் இன்றும் காணலாம். சாம்பல் கலந்த நீலமே அதன் புகழ்பெற்ற நிறம். வேறு நிறங்களும் உண்டு.

அமெரிக்கன் ஷார்ட்ஹேர் 1966இல்தான் இப்பெயரைப் பெற்றது. முகம் சற்றே நீண்டது. வெள்ளி நிறத்தில் கருவரிகள் கொண்டது பெயர்பெற்றது.

குணத்தில், முன்னது அருகில் அமர விரும்புமே தவிர, தூக்கிக் கொஞ்சுவதைப் பெரும்பாலும் பொறுத்துக்கொள்ளாது. பின்னது வேட்டையுணர்வு குறையாத விளையாட்டுப் பிள்ளை. அமைதியான வீட்டுக்கு முன்னதையே நான் தேர்வேன்.