லப்பர் பந்தா, டூரிஸ்ட் ஃபேமிலியா: எது அதிகம் அசத்தியது?

பெரிதாக எதையும் எதிர்பார்க்காமல் போய் உட்கார்ந்து, மனசு நிறைந்து வெளியே வந்த படம் எது என்று கேட்டால் எனக்கு உடனே வாயில் வருவது இந்த இரண்டும்தான். லப்பர் பந்து 2024 செப்டம்பரில் வந்தது, டூரிஸ்ட் ஃபேமிலி 2025 மே 1 அன்று. இரண்டு இயக்குநர்களுக்கும் அதுதான் முதல் படம், இரண்டுக்கும் இசை ஷான் ரோல்டன். இரண்டில் ஒன்றுதான் என்றால் என் ஓட்டு லப்பர் பந்துக்கு.

முதலில் டூரிஸ்ட் ஃபேமிலி. சூர்யாவின் ரெட்ரோ வந்த அதே நாளில் வந்த சின்னப் படம். இலங்கையில் பொருளாதார நெருக்கடி தாங்காமல் படகேறி ராமேஸ்வரம் வந்து, சென்னையில் அடையாளத்தை மறைத்து வாழும் குடும்பம் என்றதும் இரண்டு மணி நேரம் அழ வைக்கப் போகிறார்கள் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் இயக்குநர் அபிஷன் ஜீவிந்த் சிரிக்க வைக்கிறார், அதுவும் அந்தக் குடும்பத்தின் கஷ்டத்தைக் கேலி செய்யாமல். சின்னப் பையனாக வரும் கமலேஷ் வாயைத் திறந்தாலே தியேட்டர் குலுங்கியது. சசிகுமாரும் சிம்ரனும் அலட்டாமல் நடித்திருக்கிறார்கள், தெருவில் ஒரு சாவு விழும் இடத்தில் கண் கலங்காமல் இருப்பது கஷ்டம்.

குறை என்னவென்றால், அந்தத் தெருவில் எல்லாரும் சீக்கிரமே நல்லவர்களாகிவிடுகிறார்கள். போலீஸ் தேடுகிறது என்ற பயம் பேருக்குத்தான் இருக்கிறது, இவர்களுக்கு ஒன்றும் ஆகாது என்று பாதியிலேயே தெரிந்துவிடுகிறது.

லப்பர் பந்தில் அப்படி முன்கூட்டியே கணித்துவிட முடியாது. கிராமத்து கிரிக்கெட், கடைசியில் ஒரு மேட்ச், ஹீரோ ஜெயிப்பான் என்று நாம் கணக்குப் போட்டு உட்கார்ந்தால், இயக்குநர் தமிழரசன் பச்சமுத்து கதையை மாமனார் மருமகன் ஈகோவுக்குத் திருப்பிவிடுகிறார். கெத்துவின் (தினேஷ்) பேட்டிங்கில் இருக்கும் ஓட்டையை அன்பு (ஹரிஷ் கல்யாண்) சொல்லிவிடுகிறான், அது கெத்துவின் காதுக்குப் போகிறது, அங்கே பிடித்த நெருப்பு வீடு வரைக்கும் வருகிறது, ஏனென்றால் அன்பு காதலிப்பது அவர் மகளைத்தான். இதில் யார் பக்கம் நிற்பது என்று நமக்கே குழப்பம், இரண்டு பேரிடமும் நியாயமும் இருக்கிறது, வீம்பும் இருக்கிறது! நன்றாக ஆடுகிறவனை சாதி பார்த்து டீமில் சேர்க்காத அந்தக் கோபத்தையும் பிரசங்கம் பண்ணாமல் ஆட்டத்துக்குள்ளேயே வைத்திருக்கிறார்.

அப்புறம் கெத்துவின் மனைவியாக வரும் சுவாசிகா. ஹரிஷ் கல்யாணின் வயதை ஒத்தவர், அவருக்கே மாமியார், ஆனால் ஒரு நிமிடம்கூட உறுத்தவில்லை. புருஷன் திருட்டுத்தனமாக கிரிக்கெட் ஆடுவதை அவர் எதிர்கொள்ளும் ஒவ்வொரு காட்சியிலும் பல வருஷத்து ஆற்றாமை முகத்தில் தெரிகிறது, கூடவே காதலும். தினேஷ் பேட்டோடு நடந்து வர, பின்னணியில் விஜயகாந்தின் 'பொட்டு வச்ச தங்கக் குடம்' ஒலிக்கும்போது விசில் பறந்தது. விஜயகாந்த் மறைந்து ஒரு வருடம்கூட ஆகாத நேரம் அது, அந்த விசிலில் பாதி அவருக்கு. மீதி தினேஷுக்கு, 2012இல் அட்டகத்தி வந்ததிலிருந்தே அவருக்கு வந்திருக்க வேண்டிய விசில்.