முதுமலை: மே மாதமா, பொங்கலுக்கு முன்பா?

பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால், காட்டுக்குப் போகும் தேதியை நாம் முடிவு செய்வதில்லை, பள்ளிக்கூடம்தான் முடிவு செய்கிறது. கோடை விடுமுறை, விட்டால் அரையாண்டு விடுமுறை. நாங்கள் வட சென்னையில் தண்டையார்பேட்டை. நீலகிரியில் இருக்கும் முதுமலை புலிகள் காப்பகத்தை மே மாதத்தில் பார்த்திருக்கிறோம். இந்தத் தடவை அரையாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்த பிறகு, பொங்கலுக்கு முந்தைய வார நாட்களில், பிள்ளைகளுக்கு லீவு சொல்லிவிட்டுப் போய்வந்தோம். என் ஓட்டு ஜனவரிக்குத்தான். நடுநிலை என்று நடிக்கப் போவதில்லை.

பெரம்பூரில் இருக்கும் என் மச்சினன் மே கட்சி. "இன்னா மாமா, ஜனவரில மழ பேஞ்சு முடிஞ்சு எல்லா எடத்துலயும் தண்ணி நிக்குது. அப்பறம் யானை எதுக்கு ரோட்டாண்ட வரும்? வெயில்ல தண்ணி தேடி வரும் பாருங்க, அப்போ போனாத்தான் கெடைக்கும்" என்பான். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். அதற்குப் பிறகு வருகிறேன்.

கூட்டம், அறை வாடகை பற்றியெல்லாம் நீட்டத் தேவையில்லை. மே மாதம் ஊட்டியில் மலர்க் கண்காட்சி நடக்கும்போது மலைப்பாதை எப்படி இருக்கும் என்பது ஊரறிந்தது. 2024 மே மாதத்திலிருந்து நீலகிரிக்குள் நுழையும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ், அதாவது ஆன்லைனில் எடுக்கும் அனுமதிச் சீட்டு வேண்டும். 2025 கோடையில் வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 வண்டி என்று உயர் நீதிமன்றம் வரம்பே போட்டது. ஜனவரியில் அந்த நெருக்கடி கிடையாது. ஆனால் குளிர்காலம் முழுவதும் காலியாக இருக்கும் என்று நினைத்துவிட வேண்டாம். கிறிஸ்துமஸிலிருந்து புத்தாண்டு வரை, பிறகு பொங்கல் லீவு, இரண்டும் சீசன்தான். நடுவில் கிடைக்கும் அந்த இடைவெளியைத்தான் சொல்கிறேன்.

குளிரா? நம்மூரில் மார்கழிக் காலையில் காது மூடிக்கொள்கிறவர்களுக்குக் கொஞ்சம் பயமாகத்தான் இருக்கும். ஊட்டி 2,240 மீட்டர் உயரம். ஜனவரியில் விடியற்காலை புல்லெல்லாம் உறைபனி. முதுமலையும் அதை ஒட்டிய ஊரான மசினகுடியும் அதில் ஏறக்குறைய பாதி உயரம்தான். ஆளுக்கொரு ஸ்வெட்டர், பெரியவர்களுக்கு ஒரு மப்ளர், போதும். வேறு எப்போதும் போட வாய்ப்பில்லாத துணிக்காக வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டுத் துணிக்கடைகளில் ரொம்பச் செலவு செய்யாதீர்கள்.

இப்போது தண்ணீர் விஷயம். என்னைப் பொறுத்தவரை முடிவைத் தீர்மானித்ததே இதுதான்.

மச்சினன் சொல்லும் கணக்கு தவறில்லை, அது மே மாதத்துக் கணக்கு இல்லை, அவ்வளவுதான். முதுமலையின் பெரும்பகுதி இலையுதிர் காடு. ஜனவரியில் காயத் தொடங்கி, பிப்ரவரி, மார்ச்சில் மரங்கள் மொட்டையாகிவிடும். சின்ன ஓடைகள் வற்றி, விலங்குகள் மோயாற்றையும் மிச்சமிருக்கும் குட்டைகளையும் தேடி வருவது அப்போதுதான். பார்ப்பதற்கு அதுதான் உச்ச காலம். ஆனால் அந்த மாதங்களில் பிள்ளைகளுக்குப் பரீட்சை. போதாக்குறைக்கு அதுவே காட்டுத்தீ காலம். ரொம்ப வறண்ட வருஷங்களில் சஃபாரியையே வனத்துறை நிறுத்திவைத்துவிடுகிறது. ஏப்ரல் பின்பகுதியில் கோடை மழை இறங்க ஆரம்பித்ததும் குட்டைகளில் மறுபடி தண்ணீர், தரையில் புதுப்புல். நம் பிள்ளைகளுக்கு லீவு விட்டு, டிக்கெட் கிடைத்து, நாம் போய் இறங்கும் மே நடுப்பகுதியில் யானைக்குத் தாகம் தீர்ந்திருக்கும்!

ஆக மே மாதத்தில் போகிறவர், தண்ணீர் தேடி வரும் விலங்கு என்ற லாபம் பாதிக்கு மேல் கைநழுவிய பிறகு, சீசன் கூட்டத்தையும் சீசன் வாடகையையும் முழுசாகக் கொடுக்கிறார். ஜனவரியிலும் அந்த லாபம் இல்லைதான். ஆனால் அதற்காக நாம் எதையும் கொடுப்பதில்லை. சஃபாரி கிளம்பும் தெப்பக்காட்டில் டிக்கெட் வாங்கி, நிதானமாக டீ குடித்துவிட்டு வந்து, சஃபாரி வண்டியில் ஜன்னலோரம் உட்கார முடிந்தது. மே மாதத்தில் அதே கவுன்டரில் வரிசை பந்திக்கு நிற்கும் கல்யாணக் கூட்டம்போல் இருந்தது.

எங்களுக்குக் கிடைத்தவை: மோயாற்றுக்கு அந்தப்பக்கம் குட்டியோடு ஒரு யானைக் கூட்டம், காட்டெருமைகள், புள்ளிமான்கள் கணக்கில்லாமல், தேக்கு மரத்தில் ஒரு மலை அணில். புலி இல்லை. புலிகள் காப்பகத்தின் மையப்பகுதி மட்டும் 321 சதுர கிலோமீட்டர், சஃபாரி வண்டி சுற்றுவது அதில் ஒரு ஓரம். புலி எந்த மாதத்திலும் அதிர்ஷ்டம்தான். எங்களுக்கு யானை தெரிந்ததையும் ஜனவரியின் பெருமையாகச் சொல்ல மாட்டேன். மழை ஏமாற்றிய வருஷத்தில் மே மாதம் போனால் மச்சினன் ஜெயித்தாலும் ஜெயிப்பான்.

ஜனவரிக்கு ஒரு நிஜமான குறை உண்டு. மழை முடிந்த கையோடு புல்லும் உண்ணிச்செடியும் ஆள் உயரம் நிற்கும். பத்தடி தள்ளி யானை நின்றாலும் தெரியாது. இதற்கு வழி, மசினகுடிப் பக்கம் தங்குவது. கூடலூர்ப் பக்கம் தென்மேற்குப் பருவமழை கொட்டும். மசினகுடி, சீகூர்ப் பக்கம் மழை மறைவுப் பிரதேசம். முள்காடு, புதர்கள் குட்டையாக இருக்கும், பார்வை தூரம் போகும். தங்கும் இடத்தை மட்டும் விசாரித்து எடுங்கள். யானை வழித்தடத்தில் இருக்கும் விடுதிகள் மீதான வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2020-இல் வழித்தடத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. ராத்திரியில் ஜீப்பில் காட்டுக்குள் கூட்டிப்போகிறேன் என்று யாராவது வந்தால் ஒதுங்கிவிடுங்கள், அதற்கு அனுமதி கிடையாது.

குளிர்காலம்தானே என்று டிசம்பர் தொடக்கத்தில் போகலாமா? வட சென்னைக்காரர்களுக்கு நான் சொல்ல மாட்டேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வியாசர்பாடியும் எண்ணூரும் கிடந்த கிடப்பைப் பார்த்தவர்கள், வடகிழக்குப் பருவமழை ஓயாமல் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்ப மாட்டார்கள். அங்கேயும் மழையில் மண் சரிந்தால் மேட்டுப்பாளையம் மலை ரயில் நின்றுவிடும்.

வழி விஷயத்தில் நமக்கு ஒரு சௌகரியம் இருக்கிறது, சென்ட்ரல் ரயில் நிலையம் கிட்டத்திலேயே இருக்கிறது. கிளாம்பாக்கம் போய் பஸ் பிடிப்பதே நமக்கு ஒரு தனிப் பயணம். நீலகிரி எக்ஸ்பிரஸில் மேட்டுப்பாளையம் போய் மலையேறி, ஊட்டியிலிருந்து மறுபடி இறங்குவது எல்லோரும் போகும் வழி. கல்லட்டி மலைப்பாதை வழியாகத் தெப்பக்காடு 36 கிலோமீட்டர்தான், ஆனால் 36 கொண்டை ஊசி வளைவு, அத்தனையும் செங்குத்து இறக்கம். கூடலூர் வழி சுற்று, 67 கிலோமீட்டர். நாங்கள் இரண்டையும் விட்டு, இரவு ரயிலில் மைசூரு போய், காலையில் ஊட்டி பஸ் ஏறி, பந்திப்பூர் வழியாகத் தெப்பக்காட்டில் இறங்கினோம். மலைப்பாதையே இல்லை, என் மாமியாருக்கு வாந்தியும் இல்லை. அரசு பஸ்ஸில் போவதால் இ-பாஸ் கவலையும் இல்லை. பந்திப்பூர் சாலையில் இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணி வரை பொது வாகனப் போக்குவரத்துக்குத் தடை, அதனால் திரும்பும்போது மாலைக்குள் கிளம்பிவிடுங்கள். பந்திப்பூர் சஃபாரியில் நாங்கள் ஏறவில்லை, அதை ஒப்பிட்டுச் சொல்ல நான் ஆளில்லை.

தண்ணீருக்கு எவர்சில்வர் பாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள். நீலகிரிக்குள் பிளாஸ்டிக் பாட்டிலுக்குத் தடை, செக்போஸ்ட்டிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள்.