சரவாங்கிக்கு ஸ்டீராய்டா, மெத்தோட்ரெக்ஸேட்டா?

பால் பாக்கெட்டின் முனையை வெட்டக் கத்தரிக்கோலை இரண்டு கையாலும் பிடிக்க வேண்டியிருந்தது. விரல் விறைப்பு இளகப் பத்து மணி ஆகிவிடும். சரவாங்கி, அதாவது ருமட்டாய்டு ஆர்த்ரைடிஸ் என்ற மூட்டு நோய் என்று உறுதியான பிறகு டாக்டர் இரண்டு மாத்திரை எழுதினார்: கொஞ்ச நாளைக்கு மட்டும் பிரெட்னிசோலோன், நீண்ட நாளைக்கு மெத்தோட்ரெக்ஸேட்.

பிரெட்னிசோலோன் ஸ்டீராய்டு. இரண்டாம் நாளே விரல் மடங்கியது. இதுவே போதுமே என்று தோன்றும், எனக்கும் தோன்றியது. 1948இல் மேயோ கிளினிக்கில் டாக்டர் பிலிப் ஹென்ச் முதன்முதலாக கார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டைக் கொடுத்தபோதும் நோயாளிகள் இப்படித்தான் எழுந்து நடந்தார்கள். 1950இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. ஆனால் மாதக்கணக்கில் போட்டால் சர்க்கரை ஏறும், எலும்பு தேயும், கண்புரை வரும். பழகிய உடம்புக்குத் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. டாக்டர் எனக்கு மூன்று மாதத்தில் படிப்படியாகக் குறைத்து நிறுத்தினார்.

மெத்தோட்ரெக்ஸேட் மெதுவானது. ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும் என்றார்கள். எனக்கு எட்டாவது வாரத்தில்தான் வித்தியாசம் தெரிந்தது. ஆனால் மூட்டு அரிக்கப்படுவதையே அது மட்டுப்படுத்துகிறது. ஆறு வருடமாக இதில்தான் இருக்கிறேன். விலையும் குறைவு. குமட்டல், மறுநாள் அசதி, கொஞ்சம் முடி உதிர்வு எல்லாம் உண்டு.

இந்த மருந்து ஒத்துவருமா என்பது பராமரிப்பில்தான் இருக்கிறது. இது வாரத்துக்கு ஒரே நாள் போடும் மருந்து. தவறி தினமும் போட்டால் வாயெல்லாம் புண்ணாகி, ரத்த அணுக்கள் சரிந்து, உயிருக்கே ஆபத்தாகலாம். அதனால் எங்கள் வீட்டில் மற்ற மாத்திரைகளோடு இதை வைப்பதில்லை. தனி எவர்சில்வர் டப்பா. ஞாயிறு இரவு போட்டதும் காலண்டர் தாளில் பேனாவால் ஒரு வட்டம். பக்க விளைவைக் குறைக்கும் ஃபோலிக் ஆசிட் என்ற வைட்டமின் வேறு நாளில். அப்புறம் ரத்தப் பரிசோதனை: முதலில் சில வாரத்துக்கு ஒருமுறை, இப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை. கல்லீரல், சிறுநீரகம், ரத்த அணுக்கள் மூன்றையும் பார்க்க வேண்டும். போன வருடம் கல்லீரல் என்சைம் ஏறியிருந்தது, எனக்கு ஒரு தொந்தரவும் தெரியவில்லை. டாக்டர் 20 மில்லிகிராமை 15 ஆக்கினார், அடுத்த பரிசோதனையில் இறங்கிவிட்டது. பரிசோதனைக்குப் போகாமல் இருந்திருந்தால்? காய்ச்சலோ விடாத வறட்டு இருமலோ வந்தால் அடுத்த டோஸுக்கு முன் டாக்டரைக் கேளுங்கள். வேறு எதற்காவது ஆன்டிபயாட்டிக் எழுதினாலும் இதைச் சொல்லிவிடுங்கள். கோட்ரைமாக்சசோல் என்ற ஆன்டிபயாட்டிக் இதோடு சேரவே கூடாது. மதுவும் வேண்டாம்.

இந்த நோய்க்கு வேறு மருந்துகளும் உண்டு. ஹைட்ராக்சிகுளோரோகுயின் மென்மையானது, கண் பரிசோதனை தவறக் கூடாது. நோய் லேசாக இருந்தால் அது மட்டுமே போதலாம். பயாலஜிக் ஊசிகள் நான் போட்டதில்லை. போடும் முன் காசநோய் ஒளிந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள் என்பது வரைதான் சொல்ல முடியும். டோஃபாசிட்டினிப் மாத்திரைக்கு மாரடைப்பு, ரத்தக்கட்டு, புற்றுநோய் அபாயம் பற்றி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2021இல் கடும் எச்சரிக்கை விடுத்தது. ஐம்பது தாண்டியவர்கள், புகைப்பவர்கள் டாக்டரிடம் பேசிவிட்டே முடிவெடுக்க வேண்டும்.

என் அக்கா மகளுக்கும் இப்போது இதே நோய். குழந்தைக்குத் திட்டமிடுகிறாள். கருவைப் பாதிக்கும் என்பதால் அவளுக்கு மெத்தோட்ரெக்ஸேட் கிடையாது. ஹைட்ராக்சிகுளோரோகுயினும் சல்ஃபாசலசினும் தொடங்கியிருக்கிறார்கள். நான் இவ்வளவு சொல்கிற மருந்தை அவளிடம் சொல்லவில்லை.