பிள்ளை எடைக்கு எடை அந்தோணியார் ரொட்டி: தூத்துக்குடியில் நாங்கள் வாங்கிய பேக்கரி

போன வருடம் ஜூன் கடைசியில் எங்கள் பையனுக்கு நிமோனியா வந்து பத்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்தோம். அப்போது அவனுக்கு எட்டு மாதம். அத்தை அந்த வராண்டாவில் உட்கார்ந்தே நேர்ச்சை வைத்துவிட்டார்கள், பிள்ளை நல்லபடியாக வீடு திரும்பினால் அடுத்த அந்தோணியார் திருவிழாவுக்கு அவன் எடைக்கு எடை ரொட்டி மந்திரித்துக் கொடுக்கிறோம் என்று. அதனால் இந்த 2025 ஜூன் 13-க்கு எங்களுக்குத் தேவைப்பட்டது சும்மா நூறு பன் இல்லை, எடை சரியாக இருக்கிற ரொட்டி.

ஏன் எடை என்று கேட்பவர்களுக்காக: இத்தாலியில் இருக்கிற பதுவா நகரில் அந்தோணியார் கோயில் பக்கத்தில் இருபது மாதக் குழந்தை ஒன்று தண்ணீரில் மூழ்கிப் போனதாகவும், அதன் தாய் பிள்ளை பிழைத்தால் அவன் எடைக்குத் தானியம் ஏழைகளுக்குத் தருகிறேன் என்று வேண்ட, பிள்ளை கண் திறந்ததாகவும் சொல்வார்கள். அந்தோணியார் ரொட்டி என்கிற வழக்கமே அங்கிருந்து வந்ததுதான் என்பார்கள். எங்கள் பையனுக்கும் இந்தத் திருவிழா அன்றைக்குச் சரியாக இருபது மாதம். அத்தை அதைக் கணக்குப் பார்த்துச் சொன்னபோது வீட்டில் ஒருவரும் பேசவில்லை.

சரி, கடைக்கு வருகிறேன். பனிமய மாதா கோயிலிலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருக்கிற பழைய பேக்கரி. பெயர் போட வேண்டாம் என்று அண்ணாச்சி கேட்டுக்கொண்டார், ஒரே ஒரு விறகு அடுப்பு, இரண்டு ஆள், கூட்டம் வந்தால் தாங்காது. அந்தப் பக்கம் விசாரித்தால் சொல்லிவிடுவார்கள்.

போனதும் அவர் கேட்ட முதல் கேள்வியிலேயே எனக்குப் பிடித்துவிட்டது. “மாவு எடையா தங்கச்சி, வெந்த எடையா?” இது எவ்வளவு முக்கியம் என்று எங்கள் வீட்டுக்குத் தெரியும். இரண்டு வருடம் முன்பு நாத்தனார் வேறொரு கடையில் பத்து கிலோ சொல்லி வாங்கினார், வீட்டில் நிறுத்தால் எட்டே முக்கால்தான் இருந்தது. கேட்டால் மாவு பத்து கிலோ போட்டோம் என்றார்கள். அடுப்பில் தண்ணீர் ஆவியாகிப் போகும், அது யாருக்கும் தெரிந்ததுதான், ஆனால் நேர்ச்சைக்கு வாங்குகிறவரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டாமா? போதாததற்கு சூடு ஆறும் முன்பே கவரில் அடைத்துவிட்டதால் எல்லாம் வியர்த்து, பூசைக்குப் போவதற்குள் பிசுபிசுத்துப் போயிருந்தது. நாத்தனார் அன்றைக்கு அழுதேவிட்டார்.

இந்த அண்ணாச்சி என்ன செய்தார் தெரியுமா, பிள்ளையைக் கடைக்கே தூக்கி வரச் சொன்னார். மைதா மூட்டை நிறுக்கிற தராசில் ஒரு சுத்தமான துண்டை விரித்து உட்கார வைத்தார். 11 கிலோ 200 கிராம். எந்தத் தராசில் பிள்ளையை நிறுத்தோமோ அதே தராசில்தான் ரொட்டியையும் நிறுக்க வேண்டும், அப்போதுதான் மனசுக்குச் சரியாக இருக்கும் என்றார். வெந்தபின் 50 கிராம் வர வேண்டுமென்றால் மாவை 57 கிராமாக உருட்ட வேண்டும், அப்படி 224 பன். பன் ஏழு ரூபாய், மொத்தம் 1,568. விலையில் எனக்குக் குறையே இல்லை.

ஜூன் 4-லிருந்து வீட்டில் ஒன்பது நாள் நவநாள் சொன்னோம், மாமா வாசிக்க, பிள்ளைகள் பதில் சொல்ல. திருவிழா இந்த வருடம் வெள்ளிக்கிழமை வந்தது. அந்தோணியார் 1231-இல் இறந்ததும் ஜூன் 13 வெள்ளிக்கிழமைதான், அடக்கம் செய்தது 17-ஆம் தேதி செவ்வாய், அதனால்தான் நமக்குச் செவ்வாய்க்கிழமை அவருடைய நாளாக இருக்கிறது. வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் கறி கிடையாது, அசனம் என்கிற ஊர் விருந்து மாதிரி பெரிதாக எதுவும் செய்யவில்லை, அந்த ரொட்டிதான் விருந்து.

மதியம் இரண்டு மணிக்கு அடுப்பிலிருந்து இறக்கி, தட்டுகளிலேயே ஆற விட்டு, நாலு மணிக்குக் காகிதக் கவரில் போட்டார்கள். நான் போய் நிறுக்கச் சொன்னேன், 11 கிலோ 240 காட்டியது. ஒவ்வொன்றின் தலையிலும் பிளேடால் சின்னச் சிலுவைக் கீறல், நாங்கள் கேட்கவேயில்லை. அப்புறம் தனிக் கவரில் ஆறு பன் கூடுதலாக வைத்தார். அத்தை காசு எடுத்தார்கள், நேர்ச்சை எங்களுடையது, இலவசமாக வாங்கக்கூடாது என்று. “இது உங்க கணக்கு இல்லம்மா, என் கணக்கு. புளியம்பட்டிக்கு வருஷா வருஷம் நாங்களும் போறோம்” என்றார். அங்கே இருப்பது அந்தோணியார் கோயில். கடையில் மாட்டியிருந்தது முருகன் படம். அத்தை அந்தக் கவரையும் மற்றதோடு சேர்த்தே பீடத்தின் முன்னால் வைத்தார்கள்.

ருசி? மேல் தோல் மெல்லிசு, உள்ளே பஞ்சு, ஈஸ்ட் வாடை இல்லை. இனிப்பு எனக்குக் கொஞ்சம் அதிகம், பிள்ளைகளுக்கு அதுதான் பிடித்தது. விறகு அடுப்பு என்பதால் ஒரு தட்டில் பத்துப் பதினைந்து பன்னுக்கு ஓரம் கருத்திருந்தது, அதை எங்கள் வீட்டுக்கென்று எடுத்துக்கொண்டோம். மறுநாள் காலையிலேயே காய ஆரம்பித்துவிடுகிறது, ஆகவே அன்றைக்கே கொடுத்து முடிக்கிற மாதிரி பார்த்து வாங்குங்கள். பணமாகத்தான் கொடுக்க வேண்டும், ஜிபே கிடையாது. வீட்டுக்குக் கொண்டுவந்து தரவும் மாட்டார்கள்.

பூசை முடிந்து சாமியார் மந்திரித்ததும் கோயில் வாசலில் குடும்பமாக நின்று கொடுத்தோம். முதல் பன்னைப் பையன் கையில் கொடுத்து, வாசலில் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டிக்கு நீட்டச் சொன்னோம். அவன் நீட்டினான், பாட்டி வாங்கிக்கொண்டு அவன் தலையில் கை வைத்தார். எண்பது பன்னை மாமாவும் என் கணவரும் முதியோர் இல்லத்துக்குக் கொண்டுபோனார்கள். பல் இல்லாதவர்கள்கூட டீயில் நனைக்காமலே சாப்பிட்டார்களாம்.

வேண்டுபவர்கள் ஒரு வாரம் முன்பே நேரில் போய்ச் சொல்லிவிடுங்கள், முன்பணம் பாதி. ஜூலை கடைசியிலிருந்து ஆகஸ்ட் 5 வரை மாதா திருவிழாக் கூட்டம், அப்போது தனி ஆர்டர் எடுப்பதில்லை. பிள்ளை எடைக்கு வாங்குவதாக இருந்தால் காலை பத்து மணிக்கு மேல் தூக்கிக்கொண்டு போங்கள், அதற்கு முன்னால் தராசில் மாவு மூட்டை இருக்கும்.